நான்கு இலக்கம்

உலகத்தில் எண்பத்து ஏழாவது ஆளாக வர்த்தினி இருந்தபோது
சிலிம் ரீவரில் யாரும் அவளைக் கட்டவில்லை.
கோப்பையோடு ரயிலில் வந்து இறங்கிய நாளில்
மாலை போட்டார்கள், உறுமி மேளம் அடித்தார்கள்,
அவ்வளவுதான்.
இரண்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு
நம்பர் கடையில் என்ன செய்வது?
முன்னால் இரண்டு சைபர் போட்டால் அது அவளில்லை,
ஏதோ ஒரு லோரி.

தோளைக் கிழித்துத் தைத்த பிறகு
இறங்கினாள்.
முந்நூறு. எழுநூற்றுப் பத்து.
போன திங்கட்கிழமை
ஆயிரத்து நூற்று அறுபத்து நான்கு.

செவ்வாய் காலை கடை திறக்குமுன் வரிசை.
"ஒண்ணு ஒண்ணு ஆறு நாலு, பெரிசு ரெண்டு வெள்ளி."
கம்பிக்கு உள்ளேயிருந்து அடித்துக் கொடுத்தவள் நான்.
முப்பத்தொரு சீட்டு.
அவள்மேல் இந்த ஊர் காசு வைத்தது
அதுவே முதல் தடவை.

கோப்பிக் கடையில் வேறு கணக்கு.
"முப்பத்து மூணு வயசு. தோளு ஒருக்கா போனா போனதுதான்"
என்கிறார் டிரெஸர் ஆரோக்கியம்.
"கிளச் மாத்துனா வண்டி ஏறாதா?"
இது பனைக்காய் லோரி செபஸ்தியான்.
"ஏறும். தாப்பா வரைக்கும் ஏறும்.
கேமரன் ஏறாது."

ஆலைக்குப் பின்னால் துரைமார் காலத்து டென்னிஸ் தளம்.
ஒரு பாதியில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.
மறுபாதியில் அவள்.
காலை ஆறே முக்காலுக்கு மோட்டாரில் கடக்கும்போது பார்ப்பேன்:
அவளுக்கு எதிரே ஆடுவது யூரியா.
பந்து பட்ட இடத்தில் வெள்ளையாகப் புகை எழும்,
எழுந்தால் சரியான இடம்.
இரவு ஷிஃப்டு முடிந்த ஜாஹித்
பந்து பொறுக்கிப் போடுகிறான்.
ஆட்டம் தெரியாது அவனுக்கு.
சந்தேகம் வந்தால் "அவுட்!" என்று கத்திவிடுவான்.
அவள் மறுக்காமல் திரும்ப அடிப்பாள்.

எனக்குத் தெரிந்த வாய்ப்புக் கணக்கு ஒன்றுதான்:
பத்தாயிரம் எண்ணில் இருபத்து மூன்றுக்குப் பரிசு.
சொன்னால் ஆள் வாங்கமாட்டான்.
ஆகவே அதைக் கேட்பாருமில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், டிரெஸருக்கும் சேர்த்து.

வியாழன் மதியம் கடைக்கு வந்தாள்.
தோளில் ஐஸ் கட்டிப் பை, அதன்மேல் துண்டு,
தரையெல்லாம் சொட்டு.
"என் நம்பர எத்தனை பேரு கட்டுனாங்க?"
"முப்பத்தொண்ணு."
"வந்துச்சா?"
"வரல. ஒண்ணு ஒண்ணு நாலு ஆறு வந்துச்சு.
ஆறுதல் பரிசுல."
முகவாயைச் சொறிந்து யோசித்தாள்.
"அது நான் இல்லக்கா,
அது அடுத்த மாசம்."

நொந்தபுரியில் தகுதிச் சுற்று,
ஒன்றில் ஜெயித்தாள், அடுத்ததில் தோற்றாள்.
ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்று.
ஊருக்குப் பிடிக்கவில்லை.
கட்டுகிறவனுக்கு எண் ஓரிடத்தில் நிற்கவேண்டும்.
ஒரே நம்பரை இருபது வருஷம் கட்டுகிற ஜனம் இது,
செத்த மகனின் அடையாள அட்டையை,
விற்றுவிட்ட வீட்டின் கதவை.
வாராவாரம் மாறுகிற ஒருத்தியை
எப்படி நம்புவது?
முப்பத்தொன்று ஒன்பது சீட்டானது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பதுக்கு அவள் போய்விட்டால்
ஒரு சீட்டும் இருக்காது.
அந்தத் திங்கட்கிழமை வருமா என்று
என்னைக் கேட்காதீர்கள்.
கடையில் வேலை பார்க்கிறவள் கட்டக்கூடாது,
முதலாளி லியோங்கின் சட்டம்.

இன்று காலை மழை.
மோட்டாரை ஆலை வாசலில் நிறுத்தினேன்.
தளத்தில் யாரும் இல்லை.
மூன்றாவது வரிசையில் ஒரு மூட்டை கிழிந்து
உரம் கரைந்து கோட்டின்மேல் ஓடிக்கொண்டிருந்தது.
ஜாஹித் வாளியோடு நின்றான்.
"அக்கா எங்க?"
கையைக் காட்டினான்:
தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம்
டொக்,
கொஞ்சம் இடைவெளி,
டொக்.